கட்டு கிடக்கும் இடம்

விடிகாலை நாலரை மணி. அக்டோபர் பதினெட்டு. டன்மோர் ஏரிக்குப் போகும் பழைய கவுண்டிச் சாலை.

அந்தச் சாலை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்... அது எங்கேயும் போகாது. கடைசி வீட்டைத் தாண்டினால் இரண்டு மைல் அறுத்துப்போட்ட மக்காச்சோளக் கொல்லை. அப்புறம் காடு. அப்புறம் நேராகத் தண்ணீர். அணை கட்டினபோது சாலையைப் பெயர்த்தெடுக்க யாருக்கும் பொழுதில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். கரை வரைக்கும் பிற்பாடு தார் போட்டார்கள். அதற்குக் கீழே அந்தக் காலத்துச் சரளைச் சாலை, வளைவு நெளிவோடு, ஏரிக்கு அடியில் இன்னும் கிடக்கிறது. படகு இறக்க ரொம்ப வசதி.

அடுப்பில் இன்னொரு கட்டையைப் போடுங்கள். கதவுப் பக்கம் யாரும் பார்க்க வேண்டாம். காற்றுதான்.

அந்தச் சாலையின் முனையில், தண்ணீருக்குப் பத்தடி இருக்கும்போது, ஒரு பிக்கப் வண்டி நின்றது. பின்னால் படகு. விளக்கு அணைந்திருந்தது. சூடு ஆறும் எஞ்சின்... டிக்... டிக்... என்று அடித்துக்கொண்டிருந்தது. வெளியே அழுகிய முட்டை வாடை. உள்ளே இரண்டு பேர். இரண்டு பேரும் இறங்கவில்லை.

வண்டி ஓட்டி வந்தவன் ஹாய்ட். என் சகலை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவன். பிடித்த மீனின் நீளத்தில் ஒரு சாண் கூட்டிச் சொல்வான். அந்த வித்தையில் அவனுக்குக் குரு நான்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதையில் அவன் ஒரு விரற்கடைகூடக் கூட்டியதில்லை. இரண்டு தடவை கேட்டால்தான் சொல்வான். சொன்னால் அன்றைக்கு ராத்திரி விளக்கை அணைக்கமாட்டான். என் மனைவியின் அக்கா எங்கள் வீட்டுக்கு ஃபோன் போட்டு என்னைத்தான் திட்டுவாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் வெர்லின். ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். கதை அவனுடையது.

மூன்று வாரம் பின்னால் போனால்தான் அவன் ஏன் இறங்கவில்லை என்று புரியும்.

கிராப்பி மீன் பிடிக்கிறதில் பாதி இன்பம் திட்டம் போடுவதில் இருக்கிறது. வேனலில் ஏரி கொதிக்கும். மீன் ஆழத்துக்குப் போய்விடும். செப்டம்பர் கடைசியில் முதல் குளிர் அடித்ததும் எங்கள் ஆட்களுக்குக் கை அரிக்கும். தண்ணீர் அறுபத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு எப்போது வரும், காற்று எந்தப் பக்கம், நிலா எத்தனை நாள்... கல்யாணத்துக்குக்கூட நாங்கள் இவ்வளவு பார்த்ததில்லை. பார்த்திருக்கலாம்.

ஹாய்ட்டின் கராஜில் பத்தொன்பது வருஷமாக அந்தத் திட்டம் நடந்தது. மூன்று பேர். ஹாய்ட், வெர்லின், வெர்லினின் தம்பி டெல்மர். பட்டியல் எழுதுவது டெல்மர் வேலை. விரல் கனத்துக்குப் போலோனி இறைச்சி, உப்பு பிஸ்கட், ஆப்பிள் வைத்துப் பொரித்த பை பலகாரம் எட்டு, காப்பி இரண்டு ஃபிளாஸ்க், தூண்டிலில் மாட்ட மீன்குஞ்சு ஆறு டஜன். பட்டியலில் கடைசியாக எப்போதும் 'ஹாய்ட் - வாயை மூடிக்கொண்டு வரவும்' என்று எழுதுவான். பத்தொன்பது வருஷமும் எழுதினான்.

இந்த வருஷம் பட்டியலை வெர்லின் வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வந்தான். ஹாய்ட் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தான்.

கயிறு நூறடி. நாலுமுனைக் கொக்கி. தார்ப்பாய். போர்வை ஒன்று - நல்லதாக.

அவ்வளவுதான். ஹாய்ட்டுக்கு எதைப் படித்தாலும் ஒரு கிண்டல் வரும். அன்றைக்கும் பல் வரைக்கும் வந்தது. திரும்பிப் போய்விட்டது.

"மீன்குஞ்சு எழுதலையே," என்றான்.

"எழுதிக்கோ. நடீன் கேப்பா."

நடீன், டெல்மரின் மனைவி. டெல்மர் முந்தின வருஷம் அக்டோபரில், ஒரு சனிக்கிழமை காலை, தனியாக ஏரிக்குப் போனான். வெர்லினுக்குக் கடைவாய்ப் பல்வலி, வரவில்லை. பதினோரு மணிக்குப் படகு மட்டும் காற்றில் மிதந்துகொண்டிருந்ததை யாரோ பார்த்தார்கள். லைஃப் ஜாக்கெட் படகில்தான் இருந்தது. டெல்மர் அதை உட்காரும் மெத்தையாகப் போட்டுக்கொள்கிற ஆள். நம்மில் எத்தனை பேர் அப்படி என்று நான் கேட்கப் போவதில்லை.

முதல் நாள் பொழுது சாயும்வரை பதினாறு படகுகள் ஷுகர் ஓடைப் பக்கம் டெல்மரைத் தேடிக் கொக்கி போட்டு இழுத்தன. ஒன்றும் இல்லை. மறுநாள் காலை, அங்கிருந்து ஏரியின் மறு கோடியில், பழைய பாலம் முங்கிக் கிடக்கிற இடத்தில், தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த பட்டமரம் ஒன்றில் டெல்மரின் இடுப்பு பெல்ட்டைக் கண்டுபிடித்தார்கள். தன்னை மரத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறான். பக்கிள் பூட்டியபடி இருந்தது. வளையத்துக்குள் ஆள் இல்லை. மரத்தில் பட்டை உரிந்த தடம்... கைகள் மாற்றி மாற்றிப் பிடித்த தடம். ரொம்ப நேரம் பிடித்திருக்கிறான்.

முக்குளிப்பவர்கள் பாலத்துப் பக்கம் பதினோரு நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை. போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து நடீன் கட்டிலில் படுக்கவில்லை. சாய்வு நாற்காலியில், கோட்டைப் போட்டபடி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தூங்குவாள். ஃபோன் வந்தால் உடனே கிளம்ப வேண்டுமே. மாதாகோயில் கல்லறையில் இடம் வாங்கியாயிற்று. புதைக்க ஆள் இல்லை. வெர்லின் பழைய படகில் ஞாயிறுதோறும் போய்ப் பாலத்தடியில் கொக்கி போட்டான். பனியிலும் போனான். இருபது கிலோ இளைத்திருந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டன.

அக்டோபர் மூன்றாம் வாரத்தை அவன் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அந்த வாரம்தான் ஏரி புரளும். மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும், அடித்தண்ணீர் மேலே வரும். அந்த அழுகிய முட்டை வாடை அதுதான். கீழே கிடப்பது எதுவானாலும் அப்போது கொஞ்சம் அசையும். அதோடு, ஹாய்ட் புது சோனார் வாங்கியிருந்தான். தண்ணீருக்கு அடியில் நடப்பதை நடக்கும்போதே திரையில் காட்டுகிற வகை.

"இந்தத் தடவை கெடைக்கலேன்னா, நான் திரும்பி வர்றதா இல்ல," என்றான் வெர்லின். சாதாரணமாக, காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னான். ஹாய்ட் மீன்குஞ்சு என்று எழுதி அடிக்கோடு போட்டான்.

முந்தின நாள் சாயங்காலம் நடீன் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். மூன்று பேர் சாப்பாடு. கை அப்படிப் பழகிவிட்டது என்றாள். வாசல்வரை வந்து வெர்லினின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"எனக்கு மீன் வேணாம் வெர்லின். பொதைக்கறதுக்கு ஏதாவது கொண்டு வாங்க. சட்டைப் பொத்தானா இருந்தாலும் போதும்."

அதனால்தான் நாலரை மணிக்கு, தண்ணீருக்குப் பத்தடி இருக்கும்போது, வெர்லினால் இறங்க முடியவில்லை. ஒரு வருஷமாகத் தொண்டையில் ஒன்று மாட்டியிருந்தது. அதை வெளியே எடுக்காமல் அந்தத் தண்ணீரில் கால் வைக்க முடியாது என்று தோன்றியது.

இங்கே ஒரு விஷயம். இதை நடீன் காதில் யாரும் போடக்கூடாது. அவள் ஊருக்கும் நமக்கும் தொண்ணூறு மைல் என்பதால்தான் சொல்கிறேன்.

கட்டு போடுகிற வழக்கம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிராப்பிக்கு ஒளிய இடம் வேண்டும். தேவதாரு மரத்தை வெட்டி, அடியில் சிமெண்ட் கல்லைக் கட்டி, யாரும் பார்க்காத நேரத்தில் ஏரியில் தள்ளுகிறோம். ஒரு வருஷத்தில் மீன் குடியேறிவிடும். அந்த இடத்தை யாரிடமும் சொல்வதில்லை. பெண்டாட்டியிடம் சொல்வதில்லை. பாதிரியாரிடம் சொல்வதில்லை. படகுத்துறையில் யாராவது மீன் எங்கே கடிக்கிறது என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டு ஏந்துகிற நல்ல மனிதன்கூடக் கண்ணை இமைக்காமல் எதிர்ப்பக்கத்தைக் காட்டுவான். அதைப் பொய் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. நானே என் மைத்துனனை மூன்று வருஷம் வெறுந்தண்ணீரில் தூண்டில் போட வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு அவன் எனக்கு ஸ்வெட்டர் வாங்கித் தந்தான்.

வெர்லினும் டெல்மரும் தனித்தனியாகக் கட்டு வைத்திருந்தார்கள். அண்ணன் தம்பிக்குள்ளேயே சொல்வதில்லை. ஒன்றே ஒன்றுதான் இருவரும் சேர்ந்து போட்டது. பழைய பாலத்தடியில், நாலு மரம். அந்த ஏரியிலேயே அதைப் போல ஒரு கட்டு கிடையாது. டெல்மர் அன்றைக்கு அங்கேதான் போனான். வெர்லினுக்குத் தெரியும். பல்வலியோடு முந்தின நாள் ராத்திரி ஃபோனில் பேசியிருந்தார்கள்.

படகு மட்டும் கிடைத்த அன்று, வெர்லினைத் துறைக்குக் கூப்பிட்டார்கள். ஷெரீப் ஆபீஸ் ஆள் ஒருவர், நோட்டுப் புத்தகத்தோடு, உன் தம்பி வழக்கமாக எங்கே மீன் பிடிப்பான் என்று கேட்டார். சுற்றி நாற்பது பேர். நாற்பதும் மீன்காரர்கள். எல்லார் முகத்திலும் கவலை; எல்லார் காதும் விறைத்து நின்றது. வெர்லின் அந்தக் காதுகளைப் பார்த்தான். டெல்மர் எங்காவது கரையில் உட்கார்ந்து படகைத் திட்டிக்கொண்டிருப்பான், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவான், கட்டு கிடக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டாயே என்று ஜென்மத்துக்கும் திட்டுவான்... இப்படித்தான் ஓடியது. யோசித்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. கை தானாக எழுந்தது. எதிர்ப்பக்கம் காட்டியது.

"ஷுகர் ஓடை," என்றான்.

அந்த ஆள் கூட்டத்தைவிட்டு நகர்ந்ததும் காதில் சொல்லிவிடலாம் என்று இருந்தான். அவர் நகரவில்லை. வெர்லினையும் படகில் ஏற்றிக்கொண்டு ஷுகர் ஓடைக்கே போனார். பன்னிரண்டு மணிக்குச் சொல்லியிருக்கலாம். அப்போது அது ஒரு தவறு. இரண்டு மணிக்குச் சொன்னால் அது பொய். மூன்று மணிக்கு அதற்கு என்ன பெயர் என்று அவனுக்குத் தெரியவில்லை. காற்று வேறு எழும்பி, சின்னப் படகுகள் ஏரியைக் கடக்கக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். இருட்டுகிற நேரத்தில்தான் வாய் திறந்தான். இன்னொரு இடம் இப்போதுதான் ஞாபகம் வந்தது என்றான். விடியட்டும் என்றார்கள். விடிந்ததும் ஐந்தே நிமிஷத்தில் பெல்ட்டைக் கண்டுபிடித்தார்கள்.

இதையெல்லாம் வண்டிக்குள் உட்கார்ந்து, முன் கண்ணாடியைப் பார்த்தபடி, வெர்லின் ஹாய்ட்டிடம் சொன்னான்.

"தண்ணி மேல சத்தம் தூரம் போகும்டா," என்றான். "பதினாறு எஞ்சின். பொழுது சாயற வரைக்கும் அவனுக்குக் கேட்டிருக்கும். நாம எல்லாரும் அந்தப் பக்கமே சுத்திக்கிட்டிருக்கறது கேட்டிருக்கும்."

ஹாய்ட் முன் கண்ணாடியில் படிந்த மூச்சாவியைக் கையால் துடைத்தான். எஞ்சின் டிக்டிக் சத்தம் நின்றுவிட்டது.

"நானா இருந்தாலும் ஷுகர் ஓடைன்னுதான் சொல்லியிருப்பேன்," என்றான் கடைசியில்.

"தெரியும்," என்றான் வெர்லின். கதவைத் திறந்து இறங்கினான்.

மூடுபனி. கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. படகை இறக்கினார்கள். மெல்ல ஓடும் மின்மோட்டாரைப் போட்டார்கள். கொசு பாடுகிற சத்தம்தான் அதற்கு. பழைய பாலத்துக்கு முக்கால் மணி நேரம். பட்டமரம் பனிக்குள்ளிருந்து மூக்குக்கு நேரே வந்தது. உரிந்த இடத்தில் மரம் வெளுத்திருந்தது. வெர்லின் அதைத் தொடவில்லை.

ஹாய்ட் சோனாரைப் போட்டான். திரை நீலமாக எரிந்தது. அடியில், இருபதடி ஆழத்தில், கட்டு தெரிந்தது. வெள்ளை வெள்ளையாகக் கிளைகள். நடுவில் அரிசி இறைத்தாற்போல மீன். வேறு எந்த வருஷமாக இருந்தாலும் ஹாய்ட் அழுதிருப்பான், அவ்வளவு மீன்.

கட்டுக்கு இந்தப் பக்கம், நாலடி தள்ளி, நெட்டுக்குத்தாக ஒன்று.

கட்டையாக இருக்கும் என்றான் ஹாய்ட். போன வாரம் வந்து பார்த்தபோது அங்கே கட்டை இல்லை என்பது அவனுக்கே தெரியும். கட்டையென்றால் அடி பருத்து மேலே சிறுக்கும். இது மேலே அகலம். கீழே இரண்டாகப் பிரிந்திருந்தது. மீன்கள் அதைத் தொடாமல், ஒதுங்கி ஒதுங்கிப் போயின.

"பெரிய கெளுத்தி. வாலை ஊனி நிக்குது," என்றான் ஹாய்ட். தன் குரல் தனக்கே பிடிக்காமல் போய் வாயை மூடிக்கொண்டான்.

வெர்லின் கொக்கியை இறக்கினான். கயிறு விரலில் வழுக்கிக்கொண்டு போனது. கொக்கி திரையிலும் தெரிந்தது, ஒரு வெள்ளைப் பொட்டாக... பத்தடி... பதினைந்தடி... கிட்டே வந்தது.

அது ஒரு எட்டு நகர்ந்து நின்றது.

மீன் நகர்கிற மாதிரி வெட்டி ஓடவில்லை. நடைபாதையில் சைக்கிள் வந்தால் நாம் ஒதுங்குவோமே... அப்படி. பிறகு முதுகைக் காட்டித் திரும்பியது. நடக்க ஆரம்பித்தது.

மின்மோட்டாரின் மிதியில் யார் கால் வைத்தது என்று இரண்டு பேருக்கும் இன்றுவரை தெரியாது. படகு பின்னாலேயே போனது. திரையில் ஏரியின் அடி, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டாற்போலச் சமமாக வந்தது. பழைய சாலை. அதன் நடுவில் அந்த வெள்ளை உருவம், அவசரமில்லாமல். வேகம் மணிக்கு ஒன்றே கால் மைல் என்று திரையின் மூலையில் காட்டியது. களைத்த மனிதனின் நடை. படகு நின்றால் அதுவும் நின்றது. கிளம்பினால் கிளம்பியது.

"அணைச்சிரு. அதை அணைச்சிரு," என்றான் வெர்லின்.

ஹாய்ட் அணைத்தான். நீல வெளிச்சம் போய்க் கும்மிருட்டு. மோட்டாரும் நின்றது. பனி முகத்தில் ஈரத்துணியாக ஒட்டியது. அழுகிய முட்டை வாடைக்கு நடுவே, இப்போதுதான் வெட்டிய தேவதாருவின் வாசனை... பென்சில் சீவினால் வருமே, அந்த வாசனை. அப்புறம் சத்தம். கீழேயிருந்து. அலுமினியப் படகின் அடிவயிறு வழியாக, பாதத்தில் உணர்கிற மாதிரி.

சரக்... சரக்...

சரளைக்கல்லில் நடக்கிற சத்தம். இருபதடித் தண்ணீருக்குக் கீழே.

சரக்... சரக்... சரக்.

நேர்கீழே வந்து நின்றது.

ஹாய்ட் மறுபடி திரையைப் போட்டான். உருவம் படகுக்கு நேர் அடியில் நின்றது. காத்துக்கொண்டு. பிறகு, மோட்டாரைப் போட்டு இவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், மறுபடி முன்னால் நடந்தது. இடது கால் ஒரு துளி இழுத்தது. டெல்மர் இருபத்தோரு வயதில் வைக்கோல் பரணிலிருந்து விழுந்தவன். வெர்லின்தான் அன்றைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

அப்போதுதான் படகின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று வெர்லின் பார்த்தான். பனிக்குள் கரை தெரியவில்லை. திசைகாட்டி தெரிந்தது.

ஷுகர் ஓடை.

வெர்லின் படகின் விளிம்பில் மண்டியிட்டான். வாயைத் தண்ணீருக்கு ஒரு சாண் கிட்டே கொண்டுபோனான். கத்தவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிற தம்பியிடம் ராத்திரியில் குசுகுசுப்பது போலச் சொன்னான்.

"அங்க வேணாம்டா டெல்மர். அது பொய்டா. நான் சும்மா சொன்னது. நீ பாலத்துலயே இருடா, நான் அங்க வந்து எடுத்துக்கறேன்."

உருவம் நின்றது. ஹாய்ட் எண்ணினான், இருபது எண்ணுகிறவரை நின்றது. பிறகு நடந்தது.

வெர்லின் பேசிக்கொண்டே வந்தான். நெற்றி தண்ணீரில் பட்டுப் பட்டு மயிரெல்லாம் நனைந்தது. எத்தனை மணிக்கு என்ன யோசித்தான், யார் யார் சுற்றி நின்றார்கள், எந்தக் கை எழுந்தது... எல்லாவற்றையும் சொன்னான். கட்டு கிடக்கிற இடத்தை ஊருக்கே எழுதி ஒட்டுகிறேன் என்றான். தன்னுடைய மற்ற ஏழு கட்டும் எங்கே எங்கே என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அதைக் கேட்கும்போதுதான் ஹாய்ட்டுக்கு அழுகை வந்ததாம். நாற்பது வருஷத்தில் ஒரு மனிதனும் இன்னொரு மனிதனிடம் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

கிழக்கு சாம்பல் நிறமானபோது ஓடை ஏரியில் சேருகிற இடத்துக்கு வந்திருந்தார்கள். பதினாறு படகும் கொக்கி போட்டு அரித்த இடம். அங்கே, பன்னிரண்டடி ஆழத்தில், உருவம் நின்றது. உட்கார்ந்தது. மெல்ல ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. வேலைக்குப் போய் வந்தவன் படுப்பது போல.

அப்புறம் அது அசையவில்லை.

வெர்லின் கொக்கியை இறக்கினான். இந்தத் தடவை அது ஒதுங்கவில்லை. கயிறு கனத்தது. ஆனால் சுலபமாக வந்தது, கீழேயிருந்து யாரோ தூக்கிவிடுகிற மாதிரி. முதலில் பழுப்புக் கான்வாஸ் ஜாக்கெட்டின் முதுகு. வெர்லின் கையை விட்டு அக்குளில் பிடித்தான். போர்வையைக் கொண்டு வாடா என்றான் ஹாய்ட்டிடம். நல்ல போர்வைதான்; அவர்கள் அம்மா தைத்த ஒட்டுப்போர்வை.

எட்டு மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். வண்டிகள், விளக்குகள், நோட்டுப் புத்தகங்கள். ஒரு வருஷம் தண்ணீரில் கிடந்தவன் இருக்கக்கூடாத அளவுக்கு டெல்மர் முழுசாக இருந்தான். தண்ணீர் குளிர்ச்சி என்றார்கள். அந்த இடத்தை அங்குலம் அங்குலமாக அரித்தோமே, எப்படித் தப்பினான் என்று கேட்டார்கள். அடிநீரோட்டம் என்று ஒருவர் சொன்னார். அந்த நீரோட்டம் எதிர்ப்பக்கம் ஓடுவது என்று யாரும் சொல்லவில்லை.

நடீன் வந்தாள். கோட்டு போட்டிருந்தாள், சாவி கையில் இருந்தது. போர்வையைக் கொஞ்சமாக விலக்கிப் பார்த்தாள். மூடினாள். பிறகு நேரே வெர்லினிடம் வந்து அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சுற்றி நாற்பது பேர் நின்றார்கள்.

"நீங்க மொத நாளே சொன்னீங்க," என்றாள். "ஷுகர் ஓடைன்னு நீங்கதான் சொன்னீங்க. இவங்கதான் சரியாத் தேடல. நீங்க சொன்ன எடத்துலதான் இருந்திருக்காரு."

வெர்லின் வாயைத் திறந்தான். நடீன் அவன் தோளில் தலையைச் சாய்த்துவிட்டாள். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அழுகிறாள். மறுபடி திறந்தான். அவள் கையிலிருந்த சாவி நழுவித் தார்ச்சாலையில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை. அதைப் பார்த்தான். மூன்றாவது தடவை திறக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை நல்ல கதை என்றே சொல்லியிருப்பேன். தம்பி அண்ணனின் சொல்லைக் காப்பாற்றினான் என்று. ஹாய்ட்டும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை, சடலத்துக்குச் சவரம் செய்து உடுப்பு மாட்டுகிறவர் வெர்லினையும் ஹாய்ட்டையும் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். முப்பது வருஷமாக அந்த வேலை பார்க்கிறவர். எதற்கும் குரல் மாறாத மனிதர். அன்றைக்குக் கொஞ்சம் மாறியிருந்தது.

"ஒண்ணு கேக்கணும். உங்க தம்பி என்ன வேலை பாத்தாரு? வீடு வீடாத் தபால் கொடுக்கறவரா?"

வெல்டர் என்றான் வெர்லின். நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. கால் இழுக்குமே, நடப்பதே பிடிக்காது அவனுக்கு.

அவர் ஒரு பையிலிருந்து டெல்மரின் பூட்ஸை எடுத்து மேசையில் வைத்தார். மேல் தோல் புத்தம் புதுசு. நாக்கின் உள்பக்கத்தில் கடை அட்டை இன்னும் நூலோடு தொங்கியது. நடீன் அவனுக்கு வாங்கிக் கொடுத்தது, அவன் தனியாக ஏரிக்குப் போன அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலம்.

பூட்ஸைக் கவிழ்த்தார்.

அடி இல்லை. ரப்பர் தேய்ந்து, அதற்கு மேல் தோல் தேய்ந்து, உள் அட்டையும் தேய்ந்து, அவர் விரலை வைத்ததும் அது அந்தப் பக்கம் வந்தது. இரண்டு பூட்ஸும் அப்படித்தான். குதியிலும் முனையிலும் ஒரே சீராக.

வெர்லின் அந்தப் பூட்ஸைக் கையில் வாங்கிக்கொண்டான். ஹாய்ட் நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டான். போட வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே போட்டான். பழைய பாலத்திலிருந்து ஷுகர் ஓடைக்கு ஒன்றரை மைல். ஒரு தடவை நடந்தால் புது பூட்ஸில் கீறல்கூட விழாது. இது ஒரு வருஷம் போவதும் திரும்புவதுமாக நடந்த தேய்மானம்.